ஸ்டாம்புக்கும் கவருக்கும் ஈரம்: மேஜை ஸ்பாஞ்ச் டப்பாவைப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

வக்கீல் குமாஸ்தா வேலையில் எனக்கு 27 வருடம் ஆகிறது. இதற்குள் மேஜையிலிருந்து டைப்ரைட்டர் போய்விட்டது, கார்பன் பேப்பர் போய்விட்டது, மை பாட்டிலும் போய்விட்டது. அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட டப்பா. உள்ளே ஒரு ஸ்பாஞ்ச், அடியில் கொஞ்சம் தண்ணீர். ஸ்டேஷனரி கடையில் டேம்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். எங்கள் ஆபீசில் அதற்குப் பெயர் ஸ்பாஞ்ச் டப்பா.

இதற்கெல்லாம் ஒரு வழிகாட்டியா என்று தோன்றலாம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் ஒரு காலைப்பொழுது வந்து நின்று பாருங்கள். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் வக்கீல்கள் சேமநல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப், நோட்டீஸ் கவரில் தபால் ஸ்டாம்ப். எல்லாமே பின்பக்கம் பசை காய்ந்து கிடப்பவை. ஈரம் பட்டால்தான் ஒட்டும். அந்த ஈரத்தைச் சரியாகக் கொடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டை இன்றைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளும் படுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பாகப்பிரிவினைத் தகராறில் 18 பேருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. 18 கவரையும் நாக்கால் நக்கியே ஒட்ட ஆரம்பித்தேன். பத்தாவது கவரில் காகித ஓரம் நாக்கைக் கீறிவிட்டது. பெரிய குமாஸ்தா அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, நாக்கு இன்னாத்துக்குபா இருக்குது? சோறு துன்றதுக்கு. இந்தா" என்று தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். இன்னொருவர் கையில் போய்ச் சேரும் கடிதத்தில் நம் எச்சில் படலாமா என்பதை அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் அதைவிடப் பெரிய தப்பு செய்தேன். டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெல்ஃபேர் ஸ்டாம்பை ஸ்பாஞ்சில் நன்றாகத் தேய்த்து வக்காலத்தில் ஒட்டினேன். ஃபைலிங் செக்‌ஷனுக்குக் கொண்டு போவதற்குள் ஸ்டாம்ப் எங்கேயோ விழுந்துவிட்டது. ஸ்டாம்ப் இல்லை என்று வழக்குக் கட்டு திரும்பி வந்தது. அண்ணன் திட்டவில்லை. டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, கீழே ஊற்றிய தண்ணீரைக் காட்டினார். ஸ்பாஞ்சின் மேல் கொழகொழவென்று ஒரு படலம் இருந்தது. ஸ்டாம்பின் பசை முழுவதும் அங்கே இருந்தது.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. நாம் செய்வது அதை எழுப்புவது மட்டும். அதற்கு ஈரம் போதும், தண்ணீர் வேண்டியதில்லை.

பசைக்குள் என்ன நடக்கிறது

ஸ்டாம்பின் பின்பக்கம் பளபளப்பாகத் தெரிவதுதான் பசை. பழைய காலத்தில் இது பெரும்பாலும் மரப்பிசின். நம் கருவேல மரத்தில் வழிகிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின்தான். சூடான் நாட்டில் இது இன்றும் பெரிய வியாபாரம். இதைத் தவிர மாவுச்சத்தை வறுத்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற பசை உண்டு. பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பசை பிறகு வந்தது. பிரிட்டன் தன் தபால்தலைகளுக்கு அதை 1968-ல் பயன்படுத்தத் தொடங்கியது. மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுதான்: தண்ணீர் பட்டால் உப்பும், இளகும், பிசுபிசுக்கும். தண்ணீர் போனால் இறுகும்.

இளகிய பசை எதிரே இருக்கும் காகிதத்தின் நார்களுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். அப்புறம் அந்த ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ள, பசை அங்கேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஈரம் குறைந்தால் பசை இளகாது, ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். ஈரம் அதிகமானால் பசை கரைந்து ஓடிவிடும், நடுவில் வெறும் காகிதம்தான் மிஞ்சும். இரண்டு தப்பில் இரண்டாவதுதான் மோசம். குறைந்த ஈரத்தை இன்னொரு முறை கொடுத்துச் சரி செய்துவிடலாம். கரைந்துபோன பசையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இது இன்று நேற்று வந்த கவலை இல்லை. உலகின் முதல் ஒட்டும் தபால்தலையை 1840-ல் பிரிட்டன் வெளியிட்டது. கறுப்பு நிறம், ஒரு பென்னி விலை, ஒரு தாளுக்கு 240 தலைகள். அந்தத் தாளின் ஓரத்திலேயே வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பை அச்சடித்திருந்தார்கள்: பின்பக்கத்தை நனைக்கும்போது பசை போய்விடாதபடி கவனமாக இருங்கள் என்று. முதல் ஸ்டாம்போடு முதல் எச்சரிக்கையும் வந்துவிட்டது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்த வக்காலத்துதான் ஞாபகம் வந்தது.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். "தண்ணி பத்தலைன்னா இலை ஒடையும், ஜாஸ்தியானா பூசணம் பூக்கும்" என்பார். இலையை விரலால் மடித்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். ஸ்பாஞ்ச் டப்பாவிலும் நான் தேடுவது அதே பதத்தைத்தான்.

எந்த வகை வாங்குவது

கடைகளில் முக்கியமாக மூன்று வகை கிடைக்கும். முதலாவது, நான் மேலே சொன்ன வட்ட டப்பா. இரண்டாவது, சின்னத் தொட்டியில் ஒரு உருளை பாதி முழுகியிருக்கும் வகை. உருளை சுற்றும்போது தண்ணீரை மெல்லிய படலமாக மேலே கொண்டுவரும், ஸ்டாம்பையோ கவர் மடிப்பையோ அதன் மேல் இழுத்தால் போதும். மூன்றாவது, தலையில் ஸ்பாஞ்ச் வைத்த பிளாஸ்டிக் குப்பி. லேசாக அழுத்தினால் ஸ்பாஞ்சில் ஈரம் வரும், அதைப் பேனா மாதிரி பிடித்துப் பசைக் கோட்டின் மேல் ஓட்டலாம்.

ஒரு நாளைக்கு ஐந்து பத்து ஸ்டாம்ப் ஒட்டுகிறவருக்கு வட்ட டப்பா போதும். கவர்தான் அதிகம் என்றால் குப்பி வசதி. உருளை வகை நூற்றுக்கணக்கில் ஒட்டும் இடங்களுக்கு. ஆனால் உருளை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் நனையும், இன்னொரு பக்கம் காயும், அதனால் வாங்கும்போதே சுற்றிப் பாருங்கள். ஒன்றுதான் வாங்குவேன் என்றால் வட்ட டப்பாவையே வாங்குங்கள். ஸ்டாம்ப், கவர், நோட்டு எண்ணும் விரல் என்று மூன்றுக்கும் அது உதவும்.

வட்ட டப்பாவில் இரண்டு விஷயம் பாருங்கள். அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கையால் கவரை இழுக்கும்போது டப்பாவும் கூடவே வரும். ஸ்பாஞ்ச் எந்த ரகம் என்பது அடுத்தது. செல்லுலோஸ் ஸ்பாஞ்ச் காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும், நனைந்தால் உப்பி மிருதுவாகி, ஈரத்தை மேல்பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தரும். மெத்தையில் வருகிற மாதிரி ஃபோம் எப்போதும் மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீரை அந்த அளவுக்குப் பிடித்து வைக்காது. அழுத்திய இடத்தில் குபுக்கென்று தண்ணீர் மேலே வந்துவிடும். ஸ்டாம்புக்குச் செல்லுலோஸ்தான் நல்லது.

டப்பாவைத் தயார் செய்வது

புது ஸ்பாஞ்சை முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். சோப்பு வேண்டாம். சோப்பு மிச்சம் இருந்தால் பசையோடு சேர்ந்துவிடும்.

அடுத்து தண்ணீர். வேலூரில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம், நமக்கு வாய்த்தது போர் தண்ணீர். அதில் உப்பு அதிகம். ஒரு மாதம் அதையே ஊற்றினால் ஸ்பாஞ்சின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, சொரசொரவென்று ஆகும். அந்தச் சொரசொரப்பு பசையைச் சுரண்டும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். கொதிக்க வைத்து ஆற்றினால் உப்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும், அதுவும் பரவாயில்லை. ஏற்கெனவே வெள்ளை படிந்திருந்தால் பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள், போய்விடும்.

ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, டப்பாவில் வையுங்கள். அப்புறம் ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள், மேலே ஊற்ற வேண்டாம். ஸ்பாஞ்சின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடம் விட்டால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஸ்பாஞ்சின் நுண்துளைகள் வழியாக ஈரம் தானாக மேலே வரும். அவசரப்பட்டு மேலேயே ஊற்றிவிட்டால் மேல்பரப்பு சொதசொதவென்று இருக்கும், நாம் வேண்டாம் என்று சொன்னதும் அதைத்தான்.

இப்போது பதம் பார்க்க வேண்டும். சுட்டுவிரலை மெதுவாக வைத்து எடுங்கள். விரல் நனைந்திருக்க வேண்டும், துளி தொங்கக் கூடாது. விரலைச் சுற்றிக் குளம் கட்டினால் அதிகம். அடுத்து, வெற்றுக் காகிதத் துண்டு ஒன்றை ஸ்பாஞ்சில் வைத்து இரண்டு எண்ணிவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழுவதும் ஒரே மாதிரி கருத்திருந்தால் டப்பா தயார். திட்டுத் திட்டாக இருந்தால் ஸ்பாஞ்ச் இன்னும் ஊறவில்லை. காகிதத்தின் மறுபக்கம் மினுமினுவென்று தண்ணீர் தெரிந்தால் ஸ்பாஞ்சை எடுத்து ஒரு தடவை பிழியுங்கள்.

ஸ்டாம்ப் ஒட்டுவது

கைகள் காய்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் தோற்பது இங்கேதான். ஈரக் கையோடு தாளிலிருந்து கிழித்தால், ஒட்ட வேண்டிய ஸ்டாம்ப் விரலில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஸ்டாம்பின் பசையும் கெடும். துளைக்கோட்டில் முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துவிட்டுக் கிழியுங்கள், ஓரம் பிசிறாமல் வரும். எத்தனை தேவையோ அத்தனையையும் முதலிலேயே கிழித்து, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நனைத்த பிறகு கிழிக்கவே கூடாது.

ஸ்டாம்பை இரண்டு ஓரங்களில் பிடித்து, பசைப் பக்கத்தை ஸ்பாஞ்சின் மேல் தட்டையாக வையுங்கள். தேய்க்காதீர்கள். தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் பசை ஸ்பாஞ்சுக்குப் போகிறது. வைத்து, முதுகில் விரலால் மெல்லத் தொட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி, ஒரு மூலையிலிருந்து உரித்து எடுங்கள். மொத்தமாகத் தூக்கினால் நடுவில் தண்ணீர் சேரும். மூலையிலிருந்து உரித்தால் அதிக ஈரம் ஸ்பாஞ்சிலேயே நின்றுவிடும்.

எடுத்ததும் ஒட்டிவிடாதீர்கள். மூன்று நான்கு நொடி பொறுங்கள். பசை உப்பிப் பிசுபிசுப்பு வர அந்த நேரம் வேண்டும். நனைத்த உடனே பார்த்தால் பசை தண்ணீர் மாதிரி மின்னும். நான்கு நொடி கழித்து அந்த மினுமினுப்பு கொஞ்சம் மங்கி, எண்ணெய் தடவிய தோல் மாதிரி தெரியும். ஒட்ட வேண்டிய நேரம் அதுதான். சொல்லிக் கொடுக்கும்போது இந்த இடத்தில்தான் நான் அதிகம் நிற்பேன். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு நொடிகளை எண்ணவே தேவையில்லை.

ஒட்டும்போது ஒரு ஓரத்தை நேராக வைத்து, கதவைச் சாத்துவது போல மற்ற பக்கத்தை இறக்குங்கள். வைத்த பிறகு நகர்த்த வேண்டாம். மேலே ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்துங்கள். செய்தித்தாள் போடாதீர்கள், மை இறங்கும். பக்கவாட்டில் பசை பிதுங்கி வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், தாளால் ஒற்றி எடுங்கள். பத்து நொடி அழுத்திய பிறகு ஐந்து நிமிடம் கனமான எதையாவது மேலே வையுங்கள். எங்கள் ஆபீசில் சட்டப் புத்தகங்களுக்குப் பஞ்சம் இல்லை.

கடைசியாக, நான்கு மூலைகளையும் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். தூக்குகிற மூலை இருந்தால் குண்டூசி முனையில் ஒரு சொட்டு ஈரம் தொட்டு உள்ளே விட்டு அழுத்தினால் போதும். மூலைகள் மட்டும் நன்றாகப் பிடித்திருந்தால் நடுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஸ்டாம்ப் உரிய ஆரம்பிப்பது எப்போதும் மூலையிலிருந்துதான்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் விஷயத்தில் இன்னொரு காரணத்துக்காகவும் காய வேண்டும். மனு ஏற்கப்பட்டதும் ஸ்டாம்பைப் பஞ்ச் செய்து ரத்து செய்வார்கள். ஈரமாக இருக்கும்போது பஞ்ச் விழுந்தால் துளை விழாமல் காகிதம் கந்தலாகக் கிழியும். நான் எப்போதும் முந்தைய நாள் சாயங்காலமே ஒட்டி வைத்துவிடுவேன்.

ரெவின்யூ ஸ்டாம்பிலும் இதே பொறுமை வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ரசீதில் 1 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். ஈரம் காயாமல் கையெழுத்துப் போட்டால் இங்க் பேனா பரவும், பால் பேனா கிழிக்கும். பணம் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார், நமக்கும் அவசரமாக இருக்கும். அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள். டீ வந்து சேருவதற்குள் காய்ந்திருக்கும்.

ஒன்று முக்கியம். ஒருமுறை ரத்தான ஸ்டாம்பை ஈரம் காட்டி உரித்து, மறுபடி ஒட்டுவது குற்றம். சேகரிப்பவர்கள் பழைய ஸ்டாம்பைத் தண்ணீரில் மிதக்க விட்டு உரித்து ஆல்பத்தில் வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

கவர் ஒட்டுவது

கவரில் நனைக்க வேண்டியது பசைக் கோட்டை மட்டும். முழு மடிப்பையும் நனைத்தால் காகிதம் சுருங்கி, அலை அலையாக நிற்கும். காகித நார் ஈரத்தில் ஒரு பக்கமாகத்தான் அதிகம் விரியும், அதனால் வருகிற கோணல் அது. காய்ந்த பிறகும் போகாது.

முதலில் உள்ளே இருக்கும் தாள்களை அடிவரை தட்டி இறக்குங்கள். தாள் மேலே நின்றால் மடிப்பை அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பிரியும். அப்புறம் மடிப்பைத் திறந்து, பசைப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்பாஞ்சின் ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுங்கள். நடுவில் நிற்காதீர்கள், நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கும். முக்கோண மடிப்பு என்றால் இரண்டு இழுப்பு: ஒவ்வொரு முனையிலிருந்தும் நடு நுனிக்கு. பசை முனைவரை போகிறதா என்று பாருங்கள். இரண்டு ஓர முனைகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். தபாலில் ஒரு கவர் இன்னொன்றில் மாட்டிக் கிழிவதும் அந்த முனையில்தான்.

மடித்து மூடும்போது நடுவில் முதலில் அழுத்தி, இரண்டு கைகளையும் ஓரங்களை நோக்கி நகர்த்துங்கள். காற்றும் சுருக்கமும் வெளியே போய்விடும். காக்கி கவரின் காகிதம் தடிமனாக இருக்கும், அது ஈரத்தை உறிஞ்ச நேரம் எடுக்கும். அதற்கு ஒரு நிமிடம் கையால் அழுத்துவது போதாது, அடுக்கி மேலே பாரம் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வழவழப்பான பூச்சுள்ள கவரில் இந்தப் பசை சரியாக நிற்காது. ஈரம் இறங்க வழியே இல்லாத இடத்தில் பசை எப்படி இறுகும்? அதற்குத் தனியாகக் கோந்துதான் வேண்டும்.

நோட்டீஸ் கவரில் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். கவர் பிரிந்து போய்ச் சேர்ந்தால், உள்ளே எத்தனை தாள் இருந்தது என்பதே ஒரு வாதமாகிவிடும். ஒட்டி முடித்ததும் கவரைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தபாலுக்குக் கொடுப்பேன்.

நிறைய கவர் இருந்தால் படிக்கட்டு முறை. மடிப்புகளைத் திறந்து, பசைப் பக்கம் மேலே பார்க்க, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பசைக் கோடு மட்டும் தெரியும்படி படிப்படியாக விரியுங்கள். ஸ்பாஞ்சை டப்பாவிலிருந்து எடுத்து, முக்கால்வாசி பிழிந்து, எல்லாக் கோடுகளின் மேலும் ஒரே வீச்சில் துடையுங்கள். பிறகு மேலே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து கவர் சரியாக இருக்கும். கத்திரி வெயில் காலத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம், கடைசிக் கவரை மூடுவதற்குள் பசை காய்ந்துவிடும்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் வைத்துத்தான் அனுப்புவோம். மஞ்சள் வைக்கும் கையும் ஸ்டாம்ப் ஒட்டும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. என் தங்கை கல்யாணத்தில் மஞ்சள் கையோடு சித்தி ஒருமுறை ஸ்பாஞ்சைத் தொட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒட்டிய அத்தனை கவரிலும் மடிப்போரமாக மஞ்சள் கோடு. மங்கலம்தான் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். ஆனால் அந்த ஸ்பாஞ்சை எத்தனை அலசியும் மஞ்சள் போகவில்லை. முதலில் மஞ்சள் வைத்து நிழலில் காயவிடுங்கள், அப்புறம் உள்ளே போடுங்கள், கடைசியில் வேறொருவர் ஒட்டட்டும்.

வெயிலும் மழையும்

மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஃபேனுக்குக் கீழே வைத்த ஸ்பாஞ்ச் மதியத்துக்குள் ஓரம் விறைத்துவிடும். காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை தண்ணீர் பாருங்கள். மூடி உள்ள டப்பா இந்த ஊருக்கு நல்லது. வறண்ட காற்றில் ஸ்டாம்பும் பசைப் பக்கமாகச் சுருண்டு குழல் மாதிரி ஆகும், பசை காய்ந்து சுருங்குவதால் வருவது அது. விரலால் நிமிர்த்தப் பார்த்தால் பசை விரிசல் விடும். முந்தைய நாளே ஒரு கனமான புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகீழ். காற்றிலிருக்கும் ஈரமே பசையை எழுப்பிவிடும். அடுக்கி வைத்த ஸ்டாம்ப் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புதுக் கவர்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். தாளுக்குத் தாள் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளி, பீரோவில் வையுங்கள். அப்படியும் ஒட்டிவிட்டால் பிரிக்க இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். குளிரில் பசை விறைத்து, மெல்ல வளைத்தால் விட்டுக்கொடுக்கும். எனக்குப் பலமுறை கை கொடுத்திருக்கிறது. இந்த மாதங்களில் டப்பாவில் தண்ணீர் பாதியாகக் குறைத்தாலே போதும்.

விரலுக்கு ஈரம்

நோட்டு எண்ணவும் கட்டுப் புரட்டவும் இதே டப்பாவைத் தொடுகிறோம். விரலில் இருக்கும் அழுக்கும் எண்ணெயும் ஸ்பாஞ்சில் சேரும், அது ஸ்டாம்புக்கு நல்லதில்லை. முடிந்தால் இரண்டு டப்பா வையுங்கள். விரலுக்கான டப்பாவில் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கிளிசரின் கலந்தால் சீக்கிரம் காயாது. ஸ்டாம்ப் டப்பாவில் கிளிசரின் சேர்க்காதீர்கள். அது ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும், பசை இறுகாது.

வீட்டிலேயே செய்துகொள்ள

கடை டப்பா கட்டாயம் இல்லை. அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும், பாத்திரம் துலக்காத புது ஸ்பாஞ்ச் ஒன்றும் போதும். ஸ்பாஞ்சைக் கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் அரை விரல் நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்ச் இல்லையென்றால் பழைய வேட்டித் துணியை எட்டாக மடித்து வைத்தாலும் வேலை நடக்கும். ஒருமுறை ஆசைப்பட்டு கார்த்திகை அகல் விளக்கில் ஸ்பாஞ்ச் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுடுமண் தண்ணீரைக் குடித்து அடியில் கசிந்து, கீழே இருந்த டைரியில் அன்றைய வாய்தாக்கள் எல்லாம் மை கலைந்துவிட்டன. மண்ணில்தான் வேண்டும் என்றால் வேலூர் பக்கத்துக் கரிகிரியில் செய்வது போல மேலே மெருகு பூசிச் சுட்ட கிண்ணமாக எடுங்கள், அது கசியாது.

சுத்தம்

இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள். கரைந்த பசையும் விரல் அழுக்கும் சேர்ந்தால் நாற்றம் வரும், பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து வெயிலில் காயவையுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் குறையில்லை.

கொசுவை மறந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய கொஞ்சம் நல்ல தண்ணீர் கிடைத்தால் போதும், அங்கேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை வரும்போது பூட்டிய ஆபீசில் டப்பாக்கள் தண்ணீரோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் டப்பாவின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்.

தினமும் சாயங்காலம் கிளம்பும்போது நான் ஸ்பாஞ்சைப் பிழிந்து நிமிர்த்தி வைத்து, டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன். பிழிந்த தண்ணீர் கலங்கலாக வந்தால் அன்றைக்கு யாரோ ஸ்டாம்பைத் தேய்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பிழியும்போது கையில் துகள் துகளாக உதிர்ந்தால், மறுநாள் புது ஸ்பாஞ்ச் வாங்கிவிடுங்கள்.